பதில்: அம்மாவோட தரங்கம்பாடி, ஒரே நாள்ல முடியுமா?

அம்மாவுக்கு முட்டி வலி, திருக்கடையூரும் தரங்கம்பாடியும் ஒரே நாள்ல முடியுமான்னு கேட்டிருந்தீங்க. தாராளமா முடியும் நண்பா, ரெண்டுக்கும் நடுவுல 10 கிலோமீட்டர்கூட இல்ல, மயிலாடுதுறையில எறங்கி கார் புடிச்சிருங்க. காலையில திருக்கடையூர் கோயில், மத்தியானம் நடை சாத்துனதும் சாப்ட்டு அம்மாவ ரெஸ்ட் எடுக்க விட்டுட்டு 4 மணிக்கு மேல தரங்கம்பாடி போங்க, வெயில் தாழ்ந்து கடல் காத்து அவ்ளோ சுகமா இருக்கும். ராஜ வீதியில 1718ல ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு கட்டுன புதிய எருசலேம் தேவாலயம், அந்தத் தெரு முடிவுல 1620ல டேனிஷ்காரங்க கட்டுன கோட்டை. கோட்டை மாடிக்குப் படி ஏறணும், அம்மாவ ஏத்தாதீங்க, கீழ உக்காந்தே கடலப் பாக்கலாம். பக்கத்துலயே மாசிலாமணிநாதர் கோயில், பழசுல பாதிய கடலே அரிச்சிட்டுப் போயிருச்சு, அத மட்டும் விட்றாதீங்க. படகுங்க மீனோட கரைக்கு வர்றதப் பாக்கணும்னா முந்தின நாளே வந்து தங்கிட்டு விடியக்காலையில போங்க.