லாரி ஆக்சிடென்ட் ஏன் நடக்குதுன்னு தெரிஞ்சுக்க எந்த டேட்டாவ எடுக்கணும்? போலீஸ் ரெக்கார்ட் மட்டும் போதுமா?

காலேஜ் பிராஜெக்ட்டுக்குன்னு கேட்டிருக்கீங்க. போதாதுங்க. நாமக்கல்ல ஒரு லாரி ஆபீஸ்ல எட்டு வருஷம் கணக்கு எழுதினவன் நான், வண்டி எங்கயாச்சும் அடிபட்டா ஸ்டேஷனுக்கும் ஆர்டிஓ ஆபீஸுக்கும் அலையற வேலையும் என் தலைலதான் விழும், அதனால சொல்றேன்.

நான் வாங்கிட்டு வந்த எஃப்ஐஆர் எல்லாத்துலயும் அதே வரி, "அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து". பிரேக் இன்ஸ்பெக்டர் (விபத்தான வண்டிய சோதிக்கற ஆர்டிஓ ஆபீஸ் அதிகாரி) சர்டிபிகேட்லயும் அதே மாதிரி ஒரு வரி இருக்கும், இயந்திரக் கோளாறால விபத்து நடக்கலைன்னு. இதெல்லாம் யார் மேல கேஸ் போடறதுன்னு முடிவு பண்ண எழுதற பேப்பர். இதையே கூட்டிக் கூட்டித்தான் மேல போகுது, மத்திய அரசோட 2022 ரிப்போர்ட்ல மொத்தம் 4,61,312 விபத்து, 1,68,491 சாவு, அதுல 70 சதவீதத்துக்கு மேல அதிவேகம்தான் காரணம்னு இருக்கு (எல்லா வண்டியும் சேர்த்துதான்). இப்ப ஐஐடி மெட்ராஸ் செஞ்ச ஐராட்ங்கற விபத்துப் பதிவு ஆப்ல போலீஸ்காரங்க ஸ்பாட்லயே போட்டோவோட ஏத்தறாங்க, நல்ல விஷயம்தான், ஆனா அதுவும் வண்டி மோதின இடத்துல இருந்துதான ஆரம்பிக்குது.

எங்க வண்டி ஒண்ணு விடிகாலைல கிருஷ்ணகிரி டோல்கேட் தாண்டி, ரோட்டோரம் லைட்டே இல்லாம நின்ன லாரி பின்னாடி போய் சொருகிடுச்சு. எஃப்ஐஆர்ல வழக்கம்போல அதிவேகம். ஃபாஸ்டேக் மெசேஜ எடுத்துப் பாத்தேன், டோல்ல 3.12, மோதினது 3.50, நடுவுல 24 கிலோமீட்டர். கணக்கு போட்டா சராசரி ஸ்பீடு 38 கிலோமீட்டர் கூட தாண்டலை! அப்புறம் டிரிப் ஷீட்ட புரட்டினேன், புனே பக்கம் லோடு ஏத்தற கம்பெனி கேட் பாஸ்ல திங்கக்கிழமை காலைல உள்ள போனவரு செவ்வாய் ராத்திரி 11 மணிக்குத்தான் வெளிய வந்திருக்காரு, அதுவரைக்கும் கியூல வண்டிய நகத்தி நகத்தி தூங்கவே முடியலையாம், அங்கிருந்து ஒத்த டிரைவரா வியாழன் விடிகாலை வரைக்கும் ஓட்டியிருக்காரு. 1961லயே போட்ட மோட்டார் டிரான்ஸ்போர்ட் தொழிலாளர் சட்டத்துல ஒரு நாளைக்கு 8 மணி நேரம்தான் வேலைன்னு இருந்துச்சு, யாருங்க பாத்தா.

அதனால மோதறதுக்கு முன்னாடி மூணு நாள எடுங்க. டோல் மெசேஜ், டீசல் பில், கேட் பாஸ், ஜிபிஎஸ், எப்ப டெலிவரி பண்ணச் சொன்னாங்கன்னு வாட்ஸ்அப்ல வந்தது, இது எல்லாம் லாரி ஆபீஸ்லயே கெடக்கும்.

தருமபுரி-சேலம் ரோட்டுல இருக்கற தொப்பூர் கணவாயும் அப்படித்தான். இறக்கத்துல நியூட்ரல்ல விட்டான், பிரேக் பிடிக்கலை, டிரைவர் தப்புன்னு முடிச்சிடுவாங்க. ஏன் நியூட்ரல்ல விட்டான்னு ஒரு கேள்வி கூடுதலா கேளுங்க, டீசல் மிச்சம் பிடிச்சா அவனுக்கு காசு, மைலேஜ் குறைஞ்சா படில பிடித்தம்னு வரும். எங்க ஆபீஸ்லயே அந்தப் பிடித்தத்த எழுதினது நான்தான், மறைக்க ஒண்ணுமில்ல.

அமெரிக்காவுல 2001-2003ல பெரிய லாரி விபத்துக்குன்னே ஒரு ஸ்டடி பண்ணாங்க, 17 மாநிலத்துல 24 இடம், 963 விபத்து, ஆளு நேரா ஸ்பாட்டுக்கே போய் டிரைவர்கிட்ட பேசி வண்டியையும் சோதிச்சு எழுதினாங்க. மோதலுக்கு உடனடிக் காரணம் தனியா, கூட இருந்த காரணங்கள் தனியா பிரிச்சதுதான் அதுல எனக்குப் பிடிச்சது. அப்படிப் பிரிச்சதாலதான் கிட்டத்தட்ட 29 சதவீத லாரில பிரேக் பிரச்சினை இருந்தது தெரிஞ்சுது. ஆனா விபத்து ஆகாத லாரிய பக்கத்துல வெச்சு ஒப்பிடலை. நீங்க அத விட்டுடாதீங்க, அதே ரோட்டுல அதே நேரத்துல ஒழுங்கா போய்ச் சேந்த டிரைவர்களயும் கேளுங்க, எல்லாருமே தூங்காம ஓட்டறவங்கன்னா தூக்கத்த மட்டும் எப்படி குத்தம் சொல்றது?

கேக்கும்போது "தூங்கிட்டீங்களா"ன்னு கேட்டா ஒருத்தரும் ஆமான்னு சொல்ல மாட்டாங்க, கேஸ் இருக்கு, இன்சூரன்ஸ் இருக்கு. "கடைசியா எங்கண்ணா சாப்பிட்டீங்க, அப்புறம் எங்க படுத்தீங்க, எத்தன மணிக்கு எடுத்தீங்க"ன்னு கேளுங்க, மணி தானா வந்துடும். ஓனர் பக்கத்துல நின்னா மட்டும் நோட்ட வெளிய எடுக்காதீங்க, ஒரு டீ குடிச்சிட்டு கிளம்பிடுங்க, சாயங்காலம் ஷெட்டுக்கு போய் பாத்துக்கலாம்.