ராத்திரி குடித்தது காலையில் இறங்கிவிடுமா?

கேள்வி: எனக்கு வயது 34, எடை 70 கிலோ. அடுத்த வாரம் திருநெல்வேலியில் மைத்துனன் கல்யாணம். அன்று இரவு 9 மணிக்கு நண்பர்களோடு உட்கார்ந்தால் ஒரு குவார்ட்டர் பிராந்தி, ஒரு பீர் ஆகிவிடும். 11 மணிக்குப் படுத்து, காலை 5 மணிக்குக் குடும்பத்தோடு கோயம்புத்தூருக்குக் காரில் கிளம்ப வேண்டும். ஆறு மணி நேரத் தூக்கம், குளியல், ஒரு ஸ்ட்ராங் காபி போதும்தானே டாக்டர்?

பதில்: போதாது. ஏன் என்பதை உங்கள் கணக்கிலேயே போட்டுப் பார்க்கலாம்.

குவார்ட்டர் என்பது 180 மி.லி. அதில் ஆல்கஹால் 42.8 சதவீதம் என்று லேபிளில் பொடி எழுத்தில் இருக்கும். எடையில் சுமார் 61 கிராம். 650 மி.லி. பீர், 5 சதவீத ரகம் என்றால் இன்னொரு 26 கிராம். ஆக 87 கிராம். ஆல்கஹால் கொழுப்பில் அவ்வளவாகச் சேராது, உடம்பில் உள்ள தண்ணீரில்தான் பரவும். ஸ்வீடனைச் சேர்ந்த விஞ்ஞானி வித்மார்க் 1930களில் தந்த கணக்குப்படி ஆண்களுக்கு எடையில் ஏறத்தாழ 68 சதவீதம், பெண்களுக்கு 55 சதவீதம் அது பரவும் இடம். (ஒரே அளவு குடித்தாலும் பெண்களுக்குக் கூடுதலாக ஏறுவது இதனால்தான்.) உங்களுக்கு அது சுமார் 48 கிலோ. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் குடித்ததாக வைத்துக்கொண்டால், 100 மி.லி. ரத்தத்தில் ஏறக்குறைய 180 மில்லிகிராம். நம் நாட்டில் சட்டம் அனுமதிப்பது 30.

சரி, எவ்வளவு வேகத்தில் இறங்கும்? ஈரல் ஒரே ஒரு கவுண்ட்டர் மட்டும் திறந்திருக்கும் டோல்கேட் மாதிரி. பின்னால் எத்தனை வண்டி நின்றாலும் அது தன் வேகத்தில்தான் அனுப்பும். மணிக்குச் சுமார் 15 மில்லிகிராம். சிலருக்கு 10, சிலருக்கு 20. நீங்கள் விழித்திருந்தாலும் தூங்கினாலும் அதற்கு ஒன்றுதான். 9 மணியிலிருந்து 5 மணி வரை எட்டு மணி நேரத்தில் 120 கழியும். காரில் ஏறும்போது மீதி 60, அதாவது வரம்பைப் போல் இரண்டு மடங்கு. 30க்குக் கீழே வர 7 மணி ஆகும், முழுசாகத் தீர 9 மணி. ஈரல் மெதுவான ஆளாக இருந்தால் பிற்பகல் 3 மணி வரைகூட இழுக்கும். பீர் 8 சதவீத ஸ்ட்ராங் என்றால் இன்னும் இரண்டு மணி நேரம் சேர்த்துக்கொள்ளுங்கள். ‘பீர்தானே’ என்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அந்த ஒரு பாட்டில் மட்டுமே உங்களை 50க்குக் கொண்டுபோய்விடும்.

காபியும் குளியலும் இந்தக் கவுண்ட்டரை வேகப்படுத்தாது. காபி தூக்கத்தை மட்டும் கலைக்கும். முழித்திருக்கும் போதைக்காரராக ஓட்டுவீர்கள். முன்னாலேயே வயிறு நிறையச் சாப்பிட்டிருந்தால் ஏறுவது மெதுவாகும், உச்சமும் சற்றுக் குறையும். குடித்து முடித்தபின் சாப்பிடும் பரோட்டாவால் பயனில்லை.

60 மில்லிகிராமில் நீங்கள் தள்ளாட மாட்டீர்கள், நாக்கும் குழறாது. அங்கேதான் ஏமாற்றம். நான் அவசரப் பிரிவில் இருந்தபோது ஒரு காலை 7 மணிக்கு ஒருவர் வந்தார். நின்றிருந்த லாரியின் பின்னால் மோதியிருந்தார். பெயர், ஊர், கார் நம்பர் எல்லாம் தெளிவாகச் சொன்னார். “குடிச்சது நேத்து ராத்திரி சார்” என்றார். பேனாவை அவர் முகத்துக்கு நேரே பிடித்து மெதுவாக ஓரத்துக்கு நகர்த்தினேன். தலை அசையாமல் கண் மட்டும் வர வேண்டும். ஓரத்தை எட்டியதும் அவர் விழிகள் வழுக்கி வழுக்கித் திரும்பின, அது அவருக்கே தெரியவில்லை. ரத்தப் பரிசோதனையில் 70க்கு மேல் இருந்தது.

கைகால் தடுமாறுவதற்கு முன்பே கெடுவது இதுதான்: நகரும் பொருளைப் பின்தொடரும் பார்வை, இரண்டு விஷயங்களை ஒரே நேரத்தில் கவனிக்கும் திறன். 20 மில்லிகிராமிலேயே இது தொடங்கிவிடுகிறது. கண்ணாடியைப் பார்த்தபடி முன்னால் போகிறவரின் பிரேக் விளக்கைக் கவனிப்பது என்பது சரியாக இந்த வேலைதான். நான்குவழிச் சாலையில் 100 கி.மீ. வேகத்தில் அரை விநாடி தாமதித்தால் கார் 14 மீட்டர் கூடுதலாக ஓடியிருக்கும். போதாததற்கு, குடித்துவிட்டுத் தூங்கும் தூக்கத்தில் பின்பாதி அரைகுறைதான். அந்தக் களைப்பும் சேர்ந்துகொள்ளும்.

வழியில் ஊதச் சொன்னால் புதினா மிட்டாயோ வெங்காயமோ காப்பாற்றாது. கருவி பார்ப்பது வாய் நாற்றத்தை அல்ல, ரத்தத்திலிருந்து நுரையீரலுக்கு வந்த ஆல்கஹாலை. மோட்டார் வாகனச் சட்டம் 185ஆம் பிரிவில் முதல் முறைக்கே 10,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, இரண்டும்கூட விதிக்கலாம். விபத்தானால் உங்கள் காருக்கான இன்சூரன்ஸ் பணமும் கைக்கு வராது.

ஆகவே 5 மணிக்கே கிளம்ப வேண்டுமென்றால் அன்று குடிக்காதீர்கள். குடிப்பது என்றால் மதியத்துக்கு மேல் கிளம்புங்கள். இரண்டும் முடியாதென்றால் ஓர் ஆக்டிங் டிரைவரிடம் முதல் நாளே பேசி வைத்துவிடுங்கள். முகூர்த்த நாளில் விடியற்காலை 4 மணிக்குத் தேடினால் ஆள் கிடைக்க மாட்டார்.