தூரத்தை வேகத்தால் வகுத்தால் விமானப் பயண நேரம் ஏன் சரியாக வருவதில்லை?

லண்டன் ஹீத்ரோவுக்கும் நியூயார்க் ஜே.எஃப்.கே. விமான நிலையத்துக்கும் இடையே ஏறத்தாழ 5,540 கிலோமீட்டர் என்றால், மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் 6 மணி 10 நிமிடத்தில் போய்ச் சேர்ந்துவிடலாமே, பயணச்சீட்டில் மட்டும் ஏன் போக 8 மணி நேரம், திரும்ப 7 மணி நேரம் என்று போட்டிருக்கிறார்கள் எனக் கேட்டிருக்கிறீர்கள். உங்கள் வகுத்தலில் பிழை இல்லை. நீங்கள் எடுத்துக்கொண்ட தூரம், வேகம், நேரம் மூன்றும் வெவ்வேறு இடங்களில் அளக்கப்பட்டவை என்பதுதான் சிக்கல்.

அந்த 5,540 என்பது பெருவட்டத் தூரம், அதாவது பூமியின் வளைந்த பரப்பில் இரண்டு இடங்களுக்கு இடையே உள்ள மிகக் குறுகிய தூரம். ஓர் உலக உருண்டையில் லண்டனையும் லாஸ் ஏஞ்சல்ஸையும் ஒரு நூலால் இணைத்து இழுத்துப் பிடித்துப் பாருங்கள். தட்டையான வரைபடத்தில் நினைத்தே பார்த்திராத கிரீன்லாந்தின் மேல் அந்த நூல் போகும். உண்மையான விமானம் அந்த நூலை ஒட்டிப் பறக்கும், ஆனால் காற்றையும் வான்போக்குவரத்தையும் பொறுத்துச் சற்று விலகும்.

போவதற்கும் வருவதற்கும் உள்ள வேறுபாட்டுக்குக் காரணம் பூமியின் சுழற்சி என்று பலர் நினைக்கிறார்கள். வளிமண்டலமும் பூமியோடு சேர்ந்தே சுழல்வதால் அது நேரடிக் காரணம் ஆகாது. சுமார் 10 கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி வீசும் ஜெட் காற்றோட்டமே காரணம். லண்டனிலிருந்து நியூயார்க்குக்கு நான் சென்றபோது, இருக்கைத் திரையில் தரைவேகம், அதாவது தரையைப் பொறுத்த வேகம், மணிக்கு 800 கிலோமீட்டரைச் சுற்றியே நின்றது. திரும்பும் இரவில் அதே திரை 1,050-ஐத் தாண்டியதை உறக்கம் விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு முறையும் விமானம் தன்னைச் சூழ்ந்த காற்றுக்குள் ஏறத்தாழ ஒரே வேகத்தில்தான் பறந்தது. 2020 பிப்ரவரியில் பலத்த பின்காற்றில் ஒரு போயிங் 747 நியூயார்க்கிலிருந்து லண்டனை 5 மணி நேரத்துக்குள் அடைந்தது.

போகும்போது இழந்தது வரும்போது ஈடாகிவிடும் என்றும் எண்ண வேண்டாம். மணிக்கு 100 கிலோமீட்டர் காற்று இருந்தால் எதிர்காற்றில் 6 மணி 55 நிமிடமும் பின்காற்றில் 5 மணி 32 நிமிடமும் ஆகும். காற்றே இல்லாத இரு வழிப் பயணத்தைவிட இது சுமார் 9 நிமிடம் அதிகம். எதிர்காற்றில் நெடுநேரம் இருக்கிறோம், பின்காற்றில் குறைந்த நேரமே இருக்கிறோம் என்பதே இதன் காரணம்.

பயணச்சீட்டில் உள்ள நேரமோ வானில் பறக்கும் நேரம் மட்டுமன்று. நிறுத்துமிடத்திலிருந்து விமானம் நகரத் தொடங்குவது முதல் மறுமுனையில் நிற்பது வரை அது கணக்கிடப்படுகிறது. ஓடுபாதைக்கான வரிசை, இறங்குவதற்கு முன் இடும் வட்டங்கள், தாமதத்துக்கான சிறு இடைவெளி எல்லாம் அதில் அடக்கம்.

சில தடங்களில் அரசியலும் நேரத்தைக் கூட்டுகிறது. 2022-இல் ரஷ்ய வான்வெளி மூடப்பட்ட பின், ஏறத்தாழ 9 மணி நேரத்தில் முடிந்த ஹெல்சிங்கி–டோக்கியோ பயணம் சுமார் 13 மணி நேரமாக நீண்டது. விமான நிலையங்கள் இரண்டும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. ஆகவே இணைப்பு விமானம் பிடிக்க வேண்டியிருந்தால் கிலோமீட்டரை வகுத்துப் பார்க்காமல், அதே எண்ணுள்ள விமானம் கடந்த இரண்டு வாரங்களில் உண்மையில் எத்தனை மணிக்கு வந்து நின்றது என்பதை விமானக் கண்காணிப்புத் தளங்களில் பார்த்து முடிவெடுங்கள்.