திருகோணமலையிலிருந்து சென்னைக்கு 505 கிலோமீற்றர், ஆனால் விமானம்?

உப்புவெளியிலிருந்து ஒரு தங்கை கேட்டிருக்கிறார்: "அம்மாவைக் கண் சிகிச்சைக்குச் சென்னை கொண்டு போகவேணும். இணையத்தில் திருகோணமலை–சென்னை 505 கிலோமீற்றர், பறக்கும் நேரம் ஒரு மணித்தியாலம் என்று காட்டுது. எத்தனை மணிக்கு வீட்டிலிருந்து வெளிக்கிட வேணும்?"

முதலில் அந்த ஒரு மணித்தியாலத்தை மறந்துவிடுங்கள். திருகோணமலை விமான நிலையம் இருக்கும் சீனக்குடாவுக்கும் சென்னைக்கும் இடையே நேர்கோடு போட்டு அளந்தால் 505 வரும், அது சரிதான். ஆனால் அந்த இணையத்தளங்கள் எந்த இரண்டு விமான நிலையத்தைக் கொடுத்தாலும் கணக்குப் போட்டுத் தந்துவிடும், அங்கே விமானம் ஓடுகிறதா என்று பார்ப்பதே இல்லை. சீனக்குடாவிலிருந்து சென்னைக்குப் பயணிகள் விமானச் சேவை கிடையாது. ஆகவே கொழும்புப் பக்கத்துக் கட்டுநாயக்க விமான நிலையம், இல்லையென்றால் யாழ்ப்பாணத்துப் பலாலி.

கட்டுநாயக்கவிலிருந்து சென்னை சுமார் 645 கிலோமீற்றர். ஜெட் விமானம் மணிக்கு 800 போகும், அப்படியென்றால் 50 நிமிடம்கூட வராதே என்று தோன்றும். ஆனால் அந்த வேகம் மேலே ஏறி நிமிர்ந்த பிறகுதான், அதுவும் கொஞ்ச நேரத்துக்கு. டிக்கெட்டில் இருக்கும் ஒன்றரை மணித்தியாலம் என்பது விமானம் நின்ற இடத்திலிருந்து நகரத் தொடங்கி, ஓடுபாதைக்கு ஊர்ந்து, ஏறி, இறங்கி, சென்னையில் போய் நிற்கும்வரை உள்ள மொத்தக் கணக்கு. பலாலியிலிருந்து 355 கிலோமீற்றர்தான், கிட்டத்தட்ட பாதி. ஆனால் அங்கே வருவது காற்றாடி வைத்த ஏடிஆர் என்ற சின்ன விமானம், வேகம் 500 அளவில். அதனால் மிச்சமாவது கால் மணித்தியாலம் போலத்தான்! இந்தியாவுக்கும் நமக்கும் ஒரே நேரம் என்பதால் மணிக்கூட்டைத் திருப்பும் வேலை இல்லை.

உண்மையான நேரம் போவது ரோட்டில். கட்டுநாயக்கவுக்கு ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் வழியாக வான் வண்டியில் ஆறு மணித்தியாலம் வையுங்கள். காலை 11 மணி விமானம் என்றால் 8 மணிக்கு அங்கே நிற்கவேண்டும், அப்படியென்றால் இரவு ஒன்றரைக்காவது வெளிக்கிட வேண்டும். கந்தளாய் தாண்டி ஹபரணைப் பக்கம் அந்த நேரத்தில் யானை ரோட்டில் நிற்கும். டிரைவர் லைட்டைக் குறைத்துக்கொண்டு அது காட்டுக்குள் இறங்கும்வரை காத்திருக்க வேண்டியதுதான், ஹோர்ன் அடித்து அவசரப்படுத்த முடியாது. வயசான அம்மாவோடு எனக்கென்றால் அந்தப் பயணம் வேண்டாம். முதல்நாளே போய் நீர்கொழும்பில் தங்குங்கள், அல்லது மாலை விமானம் எடுங்கள்.

பலாலிக்கும் வவுனியா வழியாக ஏறக்குறைய அதே ரோட்டுத் தூரம்தான். யாழ்ப்பாணத்தில் தங்க உறவுக்காரர் இருந்தால் நான் அதைத்தான் சொல்வேன், நிலையம் சின்னது, அம்மா அதிகம் நடக்கத் தேவையில்லை. ஆனால் எடுக்கக்கூடிய சாமான் எத்தனை கிலோ என்று முதலே பாருங்கள். விமானத்துக்குள் ஏறச் சில படிகளும் இருக்கும், சக்கர நாற்காலி உதவி தேவை என்று டிக்கெட் போடும்போதே சொல்லிவிடுங்கள்.