பழைய ஜப்பானிய அனிமே கார்ட்டூன் தொடர்களில் ஆண் பெண்ணாக மாறும் நகைச்சுவைக்கு இன்றைய ரசிகர்கள் புது அர்த்தம் சொல்வது சரியா?

சரிதான் என்பது என் பதில். ஏன் என்று விளக்க என் கதையையும் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

ரன்மா ½ என்ற ஜப்பானியத் தொடரைக் குறிப்பிட்டு, "எழுதியவரே வேடிக்கைக்காகத்தான் எழுதினேன் என்கிறார். ரசிகர்கள் ஏன் அதைத் திருநர் கதையாக்குகிறார்கள்?" என்று கேட்டிருக்கிறீர்கள். 2024இல் வந்த புதுத் தொடரை நெட்ஃபிளிக்ஸில் பார்த்துவிட்டு, அதற்குக் கீழே நடக்கும் சண்டைகளைப் படித்துத்தான் இங்கே வந்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். எனக்கு அது 1989இல் ஃபுஜி டிவியில் தொடங்கிய பழைய தொடர் வழியாகவும், அதற்கும் மேலாக மாங்கா எனப்படும் ஜப்பானியப் படக்கதைப் புத்தகங்கள் வழியாகவும் பழக்கம். சில வருடம் டோக்கியோவில், நிஷி-கசாய் பக்கம் குடியிருந்தேன். ஜப்பானிய எழுத்து கூட்டிப் படிக்கப் பழகுவதற்காகப் பழைய புத்தகக் கடையில் மாங்கா வாங்க ஆரம்பித்தேன். பையன்களுக்கான மாங்காக்களில் காஞ்சி எனப்படும் சீன எழுத்துக்குப் பக்கத்திலேயே உச்சரிப்பைப் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். அப்படிக் கைக்கு வந்ததுதான் ரன்மா.

பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாக: ருமிகோ தகஹாஷி 1987 முதல் 1996 வரை ஷோனென் சண்டே வார இதழில் எழுதி வரைந்தது. மொத்தம் 38 தொகுதிகள். ரன்மா சண்டைக்கலை பயிலும் பதினாறு வயதுப் பையன். சீனாவில் ஜுசென்க்யோ என்ற சாபச் சுனைகளில் ஒன்றில் விழுந்துவிடுகிறான். ஒரு காலத்தில் ஒரு பெண் மூழ்கிச் செத்த சுனை அது. அன்றிலிருந்து பச்சைத் தண்ணீர் பட்டால் பெண், வெந்நீர் பட்டால் திரும்ப ஆண். கூடவே விழுந்த அப்பா கென்மா பாண்டாக் கரடி ஆகிவிடுகிறார். பெற்றோர் நிச்சயித்த பெண் அகானே. மழையில் நனைந்து பெண் உருவில்தான் ரன்மா அவள் வீட்டு வாசலுக்கு வருகிறான். வந்தது பெண் என்று தெரிந்ததும் அகானே முகத்தில் வருகிற நிம்மதியைக் கவனியுங்கள். அவள் பள்ளி வாசலில் தினமும் காலையில் பையன்கள் கூட்டமாக அவளோடு சண்டைக்கு நிற்பார்கள், ஜெயிக்கிறவன் அவளைக் காதலிக்கலாம் என்று கூனோ என்ற மேல்வகுப்பு மாணவன் அறிவித்து வைத்திருப்பதால். அந்தக் காலைகளுக்குப் பிறகு வீட்டுக்கு ஒரு பெண் விருந்தாளி. ரன்மாவைத் தன் பயிற்சிக்கூடத்துக்கு அழைத்துப்போய் ஒரு கை பார்க்கிறாள், தோற்றும் சிரிக்கிறாள். கொஞ்ச நேரத்தில் குளியலறையில் அதே ஆள் ஆணாக எழுந்து நிற்கும்போது அந்த நட்பு அங்கேயே உடைகிறது. இது முதல் அத்தியாயம். இதை வெறும் கூத்து என்று என்னால் தாண்டிப் போக முடியவில்லை.

இனி என் கதை. தென்காசிப் பக்கம் ஒரு சின்ன ஊர். அப்பாவுக்குப் பலசரக்குக் கடை. எனக்கு மேலே இரண்டு அக்கா. மூன்றாவதும் பெண்ணாகப் பிறந்ததில் வீட்டில் யாருக்கும் சந்தோஷம் இல்லை. அப்பா ஒருவர்தான் அதைத் தன் வழியில் சரிக்கட்டிக்கொண்டார். அவர் போகும் சலூனிலேயே எனக்கும் கிராப். அரை டவுசர், சட்டை. "வாடா ராசா" என்றுதான் கூப்பிடுவார். கடைக்கு வரும் ஏஜெண்டுகளிடம் "இது எம்பையன்" என்பார். கல்லாவில் உட்கார்ந்து சில்லறை எண்ணிக் கொடுக்க ஆறாம் வகுப்பிலேயே பழகிவிட்டேன். தெருப் பையன்களோடு கிரிக்கெட்டில் நான்தான் விக்கெட் கீப்பர்.

பெரிய மனுஷி ஆனதும் எல்லாம் ஒரே வாரத்தில் மாறிப்போனது. குச்சுக் கட்டி உட்கார வைத்தார்கள், தாய்மாமன் சீர் வந்தது, பந்தல் போட்டுச் சடங்கு சுற்றினார்கள். முடித்து வெளியே வந்தபோது தாவணி. கடைப் பக்கம் போனேன். அப்பா என்னை நிமிர்ந்து பார்க்காமல், "உள்ள போம்மா, ஆளுங்க வர்ற நேரம்" என்றார். அவர் வாயிலிருந்து அதுவரை வராத 'ம்மா'. கிரிக்கெட் ஆடிய பையன்கள் எதிரே வந்தால் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போனார்கள். நான் அதே ஆள்தான். அதே வேகத்தில் மனக்கணக்குப் போடுவேன், அதே மாதிரி பந்து பிடிப்பேன். என்னைப் பார்க்கிற கண் மட்டும் மாறிவிட்டது, அதுவும் யாரும் என்னை ஒரு வார்த்தை கேட்காமல்.

அப்பாவைக் குறை சொல்கிறேன் என்று யாரும் பின்னூட்டத்தில் வர வேண்டாம். அவர் என்னைப் படிக்க வைத்தார், கடல் தாண்டி வேலைக்கு அனுப்பினார், ஊர் பேசியதையெல்லாம் தாங்கிக்கொண்டார். நான் திருநங்கையோ திருநம்பியோ இல்லை, அவர்கள் சார்பில் பேசும் தகுதி எனக்கு இருப்பதாகவும் சொல்லவில்லை. ஒரே ஆளை உடம்பை வைத்து ஊர் இரண்டாக நடத்துவது எப்படி இருக்கும் என்று கொஞ்சம் தெரியும், அவ்வளவுதான். அந்தக் கொஞ்சத்துக்கே ரன்மா என்னைப் பிடித்து உலுக்கியது.

மறுபடி பார்க்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். தண்ணீர் பட்டதும் ரன்மாவிடம் உடம்பைத் தவிர எதுவும் மாறுவதில்லை. அதே வாய்த்துடுக்கு, அதே கர்வம், அதே உதை. பழைய தொடரிலும் புதிதிலும் ஆண் ரன்மாவுக்குக் காப்பெய் யமகுச்சியும் பெண் ரன்மாவுக்கு மேகுமி ஹயாஷிபாராவும் குரல் கொடுக்கிறார்கள். இரண்டு பேர் பேசினாலும் ஒரே ஆள் பேசுவதாகத்தான் நம் காதில் விழும். மாறுவது சுற்றியிருப்பவர்கள். ஆண் ரன்மாவை ஜென்ம விரோதியாகப் பார்க்கும் கூனோ, பெண் ரன்மாவைக் கண்டால் ரோஜாப் பூங்கொத்தோடு ஓடி வருவான். இருவரும் ஒருவரே என்பது கண்ணெதிரே நடந்தாலும் அவன் மண்டையில் ஏறாது. சிரிப்பு முழுக்க அவன் தலையில்தான் விழுகிறது. ரன்மாவும் இதைத் தெரிந்துகொண்டு பயன்படுத்திக்கொள்வான். ஆணாக இருக்கும்போது கூச்சப்பட்டு ஒதுங்கும் ஐஸ்கிரீமைப் பெண் உருவில் போய் ஆசை தீரச் சாப்பிடுவான். அந்தக் கட்டத்தில் அவன் முகத்தில் வரைந்திருக்கும் சந்தோஷம் நடிப்பு இல்லை.

இதைப் பார்த்துத்தான் பல திருநங்கைகள் "என்னைப் பற்றி முதன்முதலாக யோசிக்க வைத்தது ரன்மா" என்று எழுதுகிறார்கள். ஒரு வாளித் தண்ணீரில் எல்லாம் நடந்துவிடுகிற உலகம் எவ்வளவு பெரிய கனவு என்பது அவர்களுக்குத்தான் தெரியும். இன்னொரு பக்கம் திருநம்பிகளும் அவனைத் தங்களவனாகப் பார்க்கிறார்கள். கதை முழுக்க ரன்மா கத்துவது "நான் ஆம்பளை" என்றுதானே? பெண் உடம்பில் நின்றுகொண்டு, யாரும் நம்பாத இடத்தில். ஆணாக்கும் சுனையின் நீரைத் தேடித்தான் கதை நெடுக அலைகிறான், கடைசிவரை கிடைக்கவில்லை. ஒன்றுக்கொன்று எதிரான இரண்டு வாசிப்புக்கும் இடம் கொடுக்கிறது என்றால் அது கதையின் பலம். இதில் யார் யாருக்கு எதைத் திணித்தார்கள்?

ரன்மாவின் அம்மா நோதோகா வரும் பகுதிகளை அவசியம் படியுங்கள். மாங்காவில் பாதிக்கு மேல் தாண்டித்தான் வருகிறாள். பிள்ளை சின்னவனாக இருக்கும்போதே பயிற்சிக்கென்று கூட்டிப்போன கென்மா, அவனை ஆண்களில் சிறந்த ஆணாக வளர்ப்பேன், தவறினால் இருவரும் வயிற்றைக் கிழித்துக்கொண்டு சாவோம் என்று அவளுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார். கைக்குழந்தையின் உள்ளங்கை அச்சும் அந்தத் தாளில் இருக்கிறது. பிள்ளையைத் தேடி அவள் வரும்போது கையில் துணி சுற்றிய வாள். அதனால் ரன்மா அவள் முன்னால் ரான்கோ என்ற பெண்ணாக நிற்கிறான். பெற்ற தாய் எதிரே உட்கார்ந்து, காணாமல் போன மகன் எப்படி இருக்கிறான் என்று அவனிடமே ஆசையாக விசாரிக்கிறாள், அவன் வாயைத் திறக்க முடியாது. கடைசியில் உண்மை தெரிந்து அவள் ஏற்றுக்கொள்கிறாள் என்பது வேறு விஷயம். தகஹாஷி இதிலும் சிரிப்பை விடவில்லை, வாள் உறையிலிருந்து நழுவும், ரன்மா வெலவெலத்துப் போவான். ஆனால் பெற்றவர்களிடம் தன்னை மறைத்து வளர்ந்த ஒரு பிள்ளை இந்தப் பக்கங்களைப் படித்து அழுதால், "அது காமெடி சீன், நீ ஏன் அழுகிறாய்" என்று கேட்க யாருக்கு உரிமை?

எழுதியவர் சொன்னதற்கு வருகிறேன். எளிமையான, வேடிக்கையான யோசனையாகத் தோன்றியது, சமூகத்துக்குக் கருத்துச் சொல்லும் நோக்கில் யோசிக்கிற ஆள் நான் இல்லை என்ற பொருளில் தகஹாஷி ஒரு பேட்டியில் பேசியிருக்கிறார். அதை நான் அப்படியே நம்புகிறேன். ரசிகர்களில் சிலர் "அவர் மனதுக்குள் இதைத்தான் நினைத்து எழுதினார்" என்று சாதிக்கும்போது எனக்கும் உடன்பாடு கிடையாது. அவர் வாயில் நாம் வார்த்தையைப் போடக் கூடாது. ஆனால் அவர் நினைக்காதது கதையில் இருக்கவே முடியாது என்பதும் சரியில்லை. அவருடைய முந்தைய தொடரான உருசெய் யாட்சுராவில் ர்யூனோசுகே என்று ஒரு பெண் வருவாள். கடற்கரை டீக்கடைக்கு ஆண் வாரிசு வேண்டும் என்று அப்பன் அவளைப் பையனாகவே வளர்த்திருப்பான். மார்பைத் துணியால் இறுக்கிக் கட்டி, பையன்கள் சீருடை போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போவாள். "நான் பொண்ணு!" என்று கத்திக்கொண்டே அப்பனோடு கட்டிப் புரளுவாள். ஆசைப்பட்டு ஒரு பெண் சீருடை கையில் கிடைத்தால் அதை எப்படியாவது அவளைப் போட விடாமல் செய்வான் அவன். அறையில் தனியாக உட்கார்ந்து இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, நெஞ்சும் அடைத்தது. தென்காசியில் ஒருத்தி இதைப் படிப்பாள் என்று தகஹாஷி நினைத்திருக்கவா போகிறார்?

ஜப்பானில் இது அவரோடு தொடங்கியதும் இல்லை. ஆண் வாரிசுக்குத்தான் அரியணை என்பதால் இளவரசனாக வளர்க்கப்படும் பெண்ணை வைத்து மாங்கா எழுத்தாளர் ஒசாமு தெசுகா 1953லேயே எழுதினார். அவர் வளர்ந்த தகராசுக்கா ஊரில் 1914 முதல் பெண்களே ஆண் வேடமும் கட்டும் நாடகக் குழு இருக்கிறது. 1981இல் ஷோனென் ஜம்ப் வார இதழில் ஹிசாஷி எகுச்சி தொடங்கிய மாங்கா 'ஸ்டாப்!! ஹிபாரி-குன்!' இன்னும் நேரடியானது. யாகுசா எனப்படும் ரவுடிக் கும்பலின் தலைவருடைய மகன் ஹிபாரி பெண்ணாகவே வாழ்கிறாள், எந்தத் தண்ணீரும் சாபமும் இல்லாமல். அழகி, கெட்டிக்காரி, துளிக்கூட வெட்கப்படாதவள். அவளைப் பார்த்து மனம் தடுமாறும், அவள் வீட்டில் தங்கியிருக்கும் பையன் கோசாகுவும், வாரிசை நினைத்து நெஞ்சைப் பிடித்துக்கொள்ளும் அப்பாவும்தான் கேலிக்கு ஆளாகிறார்கள்.

பழைய தொடர்களில் எல்லாமே நல்லது என்று நான் சொல்லவில்லை. ரன்மாவில் ஹப்போசாய் என்ற கிழவன் பெண்களின் உள்ளாடையைத் திருடுவதும் மேலே கை வைப்பதும் திரும்பத் திரும்ப வரும். எனக்கு அதில் சிரிப்பே வராது. பெண் உடை போடும் ஆண்கள் சிலரை அருவருப்பாகக் காட்டிச் சிரிக்க வைக்கும் இடங்களும் உண்டு, அங்கே அடி விழுவது யார் மேல் என்று பார்த்தாலே கசக்கும். அந்தக் காலத்தில் அப்படித்தான் என்று மழுப்பவும் எனக்கு இஷ்டமில்லை. அதற்காகத் தொடரையே ஒதுக்கச் சொல்கிறவர்களோடும் நான் இல்லை.

ஒரு தமிழ் அனிமே ரசிகர் குழுவில் இதையெல்லாம் எழுதினேன். "எல்லாத்துலயும் பாலின அரசியல் தேடாதீங்க சிஸ்டர்" என்று ஒருவர் ஆரம்பித்தார், பின்னாலேயே நாலு பேர் கைதட்டினார்கள், கடைசியில் என்னை நீக்கிவிட்டார்கள். அதே குழுவில் பெண் ரன்மாவின் குளியல் படங்களைப் போட்டு நெருப்பு எமோஜி விடுவதற்குத் தடை கிடையாது. உடம்பைப் பார்த்தால் ரசனை, மனதைப் பார்த்தால் அரசியலா?

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் மாங்கா பற்றிப் பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். ரன்மா தொகுதிகளை ஒன்றொன்றாகத் தேடிச் சேர்த்து வைத்திருந்தேன். நோதோகா வரும் தொகுதிகளைக் கூட வேலை பார்த்த ஒருவர் இரவல் கேட்டார். நம்ம ஊர் ஆள் என்று கொடுத்தேன். வேறு ஊருக்கு மாற்றலாகிப் போகும்போது மூட்டை கட்டிக் கொண்டுபோய்விட்டார். கேட்டால் "பழைய புக்குதானே, நூறு யென்னுக்குக் கிடைக்குமே" என்கிறார். வரிக்கு வரி பென்சிலால் தமிழில் அர்த்தம் எழுதி வைத்திருந்த புத்தகம் எந்தக் கடையில் கிடைக்கும்? இரவல் வாங்குகிறவர்களுக்கு இது ஏன் உறைப்பதே இல்லை?

உங்கள் விஷயத்துக்கு: புதுத் தொடரோடு நிறுத்தாதீர்கள், மாங்காவை எடுத்துப் படியுங்கள். ர்யூனோசுகே உருசெய் யாட்சுராவின் தொடக்கத்தில் வரமாட்டாள், பொறுமை வேண்டும். படித்த பிறகும் இதில் ஒன்றுமில்லை என்று தோன்றினால் இங்கேயே எழுதுங்கள், எந்த அத்தியாயம் என்று குறிப்பிட்டு எழுதினால் வரிசையாகப் பதில் சொல்கிறேன்.