புது மாத்திரை ஆராய்ச்சியில் அப்பாவைச் சேர்க்கலாமா?

கேள்வி: அப்பாவுக்கு 61 வயது, பல வருடமாகச் சர்க்கரை நோய். புதுச்சேரியில் ஒரு மருத்துவமனையில் காட்டிவருகிறோம். புது மாத்திரை ஒன்றின் ஆராய்ச்சியில் சேர விருப்பமா என்று அங்கே கேட்டார்கள். அப்பா தயார். அம்மாதான், "சோதனை எலி ஆக்கிடுவாங்க" என்று அழுகிறார். என்ன செய்வது?
– வாசகி, நெல்லிக்குப்பம்

பதில்: அம்மாவின் பயத்தைத் தட்டிவிடாதீர்கள். விவரம் சொல்லாமல் நோயாளிகளிடம் கையெழுத்து வாங்கிய காலம் ஒன்று இருந்தது. இப்போது சட்டம் இறுகியிருக்கிறது. 2019-ல் வந்த விதிகளின்படி, நோயாளிகளின் உரிமையையும் பாதுகாப்பையும் கவனிக்கும் நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் இல்லாமல் இத்தகைய ஆராய்ச்சியைத் தொடங்கவே முடியாது. அந்தக் குழுவில் பாதிப் பேராவது அந்த மருத்துவமனையைச் சாராத வெளியாட்களாக இருக்க வேண்டும். சட்டம் தெரிந்தவரும் மருத்துவத்துறை சாராத ஒருவரும் இருக்க வேண்டும்.

ஆனாலும் ஓ.பி. வரிசையில் நின்றபடி கையெழுத்துப் போட வேண்டாம். ஒப்புதல் படிவத்தைத் தமிழில் கேளுங்கள், வீட்டுக்குக் கொண்டுவந்து எல்லோருமாக உட்கார்ந்து படியுங்கள். மருந்தில்லாத வெற்று மாத்திரை அப்பாவுக்குக் கிடைக்க வாய்ப்புண்டா, இப்போது சாப்பிடும் மாத்திரைகள் தொடருமா, பக்கவிளைவு வந்தால் இரவில் யாரை அழைப்பது என்று தேடுங்கள். பதில் இல்லாத இடத்தைப் பென்சிலால் கோடிட்டு, மருத்துவரிடமே கேளுங்கள். ஆராய்ச்சியால் பாதிப்பு வந்தால் இலவச சிகிச்சையும் இழப்பீடும் உண்டு என்று அதில் இருக்க வேண்டும். இத்தகைய ஆராய்ச்சிகளுக்கான அரசு இணையப் பதிவேடான சி.டி.ஆர்.ஐ.யின் பதிவு எண்ணையும் வாங்கி இணையத்தில் சரிபாருங்கள். 2009 முதல் அந்தப் பதிவு கட்டாயம்.

வேண்டாம் என்றாலும், பாதியில் விலகினாலும் வழக்கமான சிகிச்சை நிற்கக்கூடாது. அப்படி யாராவது மிரட்டினால் அங்கே சேரவே வேண்டாம்.

இதெல்லாம் சரியாக இருந்தால், அப்பா சேரட்டும் என்பதே என் கருத்து. 1956-ல் தொடங்கிய சென்னை ஆய்வில் காசநோயாளிகளில் ஒரு பிரிவினருக்கு சானடோரியம் என்ற காசநோய் மருத்துவமனையிலும் இன்னொரு பிரிவினருக்கு வீட்டிலுமாக ஒரே மருந்துகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவு குணமானார்கள் என்ற முடிவு 1959-ல் வெளியானது. காசநோய் வந்தவர் இன்று குடும்பத்தோடு இருந்தே மாத்திரை சாப்பிட முடிகிறதென்றால், அன்று சம்மதித்த அந்த ஏழை மனிதர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

சேர்ந்தால் ஒன்று முக்கியம். சர்க்கரைக்கு என்று வீட்டில் குடிக்கும் கஷாயம், நாட்டுமருந்துப் பொடி எதையும் அப்பா மறைக்கக்கூடாது. புது மாத்திரையோடு சேர்ந்து சர்க்கரை திடீரென்று இறங்கிவிடலாம். முதல் நாளே அந்தப் பொட்டலத்தை எடுத்துப்போய் மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள்.