பீலி, சங்கிலி, கான்: மலைநாட்டு மழைக்குக் கேள்வி பதில்

தகரக்கூரையும், கூரை ஓரத்தில் மழைத்தண்ணீரைப் பிடிக்கும் பீலியும் செய்து பிழைக்கிறவன் நான். இம்முறை வந்த கேள்விகளில் பாதி, பீலித் தண்ணீர் வழிந்து இறங்கக் குழாய்க்குப் பதில் தொங்கவிடும் மழைச் சங்கிலியைப் பற்றித்தான். நல்ல படம் ஏதோ எல்லார் போனிலும் சுற்றுகிறது போல.

வட்டவளை: அண்ணே, கூரைத் தண்ணீர் இறங்கும் குழாய் பார்க்க அசிங்கமாக இருக்கிறது. நாலு மூலையிலும் சங்கிலி தொங்கவிடலாமா?

தங்கச்சி, சரி என்று சொல்ல ஆசைதான். ஆனால் நீங்கள் கேட்பது மழைக்குப் பேர்போன வட்டவளையிலிருந்து! ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை விழுந்தால் ஒரு லீட்டர் தண்ணீர். கூரையின் ஒரு பக்கம் 30 சதுர மீட்டர் என்று வையுங்கள். மணிக்கு 60 மில்லிமீட்டர் என்று கொட்டினால் நிமிடத்துக்கு 30 லீட்டர், அதாவது இரண்டு பெரிய வாளி. தென்மேற்குப் பருவக் காற்றில் சங்கிலி ஆட, அவ்வளவும் சுவரில்தான் அடிக்கும்.

பெரிய கூரைக்குக் குழாயே இருக்கட்டும். இஸ்தோப்புக்கு மேல் உள்ள சின்னச் சாய்ப்பில் ஒரே ஒரு சங்கிலி போதும். வெறும் வளையத்தைவிட அடியில் ஓட்டை போட்ட கிண்ணங்களைக் கோத்தது குறைவாகச் சிதறும். கீழ் முனையைக் கனமான கல்லில் கட்டுங்கள். ஜப்பானில் ‘குசாரி தோய்’ என்பார்கள், அங்கே கோயில்களிலும் தொங்கும்.

குழாய் அசிங்கம் என்றால் அதன் தலையில் தகரப் பெட்டி ஒன்று வையுங்கள். முகப்பில் உளியால் தட்டிப் பூவோ கொழுந்தோ எடுக்கலாம். நான் ரசித்துச் செய்யும் வேலை அதுதான். பெட்டிக்குள் வலை போட்டால் இலையும் அங்கேயே நிற்கும்.

பண்டாரவளை: பிலிமத்தலாவையில் பித்தளைக் கிண்ணங்கள் வாங்கினேன். நாகத்தகரப் பீலியில் மாட்டலாமா?

மாட்டலாம், நேரடியாக வேண்டாம். நான் முதலில் தொங்கவிட்ட சங்கிலி அப்படித்தான்: பித்தளைக் கொக்கி தொட்ட இடத்தில் நாகப்பூச்சு தின்னப்பட்டு, இரண்டு வருஷத்தில் துருப்பிடித்து ஓட்டை. வீட்டுக்காரம்மாவிடம் வாங்கிய பேச்சு இன்னும் காதில் இருக்கிறது. இடையில் தடித்த ரப்பர் வையுங்கள். செம்புப் பீலித் தண்ணீரைத் தகரத்தில் விழவிட்டால் இன்னும் மோசம்.

மஸ்கெலியா: லயத்து வீடு, கையில் காசில்லை. மூங்கில் பீலி நிற்குமா?

ஒன்றிரண்டு வருஷம் நிற்கும், அப்புறம் உளுத்துவிடும். முற்றின மூங்கிலைப் பிளந்து கணுக்களைச் செதுக்கி எடுங்கள். பத்தடிக்கு அரை அங்குலம் சரிவு போதும். கீழே பீப்பாய் வைத்தால் வலையால் மூடுங்கள், இல்லாவிட்டால் டெங்கு நுளம்பு குடியேறிவிடும்.

ஹப்புத்தளை: சங்கிலிக்கு அடியில் குழி வெட்டி ஆற்றுக்கல் நிரப்பினால் தண்ணீர் மண்ணுக்குள் போய்விடும் என்கிறார் மேசன் பாஸ். வீட்டுக்குப் பின்னால் சரிவு.

ஐயா, பாஸ் சொன்னது சமதரைக்குச் சரி. சரிவுக்கு மேலே மண்ணை ஊற வைக்கவே கூடாது. ஊறின மண்ணுக்குப் பாரம் கூடும், பிடி தளரும். 2014 ஒக்டோபர் 29 அன்று மீரியபெத்தைத் தோட்டத்தில் மண்சரிவாக வந்து லயங்களை மூடியதும் மழையில் ஊறிய மலைதான். ஆற்றுக்கல் ஆசையை விட வேண்டாம்: குழியின் அடியையும் பக்கங்களையும் சீமெந்தால் பூசி, மேலே கல் பரப்பி, அடியிலிருந்து குழாய் எடுத்து, சீமெந்தால் கட்டின கானில், அதாவது வடிகாலில், சேருங்கள். அந்தக் கான் எங்கே போய் முடிகிறது என்று மழை பெய்யும்போது குடையோடு நடந்து பாருங்கள். பக்கத்து வீட்டு மண்திட்டில் முடிந்தால் வேலை இன்னும் முடியவில்லை.